முட்டிவலிக்காரருக்குக் காலைப் பயிற்சி: ஜப்பான் டிவியா, யோகாவா, மெக் செவனா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அறுபதைத் தாண்டியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: காலையில் டிவியைப் பார்த்துச் செய்ய எது நல்லது? முட்டிவலி இருந்தால், தயங்காமல் ஜப்பான்காரர்களின் 'ரேடியோ தாய்சோ' என்ற வானொலிப் பயிற்சியைச் சொல்வேன்.

1928-ல் ஜப்பான் அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் துறையின் முயற்சியால் வானொலியில் தொடங்கியது அது. இன்று செய்யும் 'முதலாம் பயிற்சி' என்ற தொகுப்பு 1951-ல் வந்தது. பியானோ இசைக்கு 13 அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்எச்கே தொலைக்காட்சியில், வேறு பயிற்சிகளும் சேர்த்து, அவர்கள் நேரப்படி காலை 6.25-க்குப் பத்து நிமிட நிகழ்ச்சி. நமக்கு அப்போது விடிகாலை 2.55, அதனால் யூடியூப் பதிவுதான் கதி. பால் சொசைட்டிக்குப் போய் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

"ஏனுங்க, அவிய பேசறது ஒண்ணும் புரியாதுங்களே?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். புரிய வேண்டியதில்லை. எட்டு எட்டாக எண்ணுகிறார்கள், அவ்வளவுதான். நிற்பவர்களோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்து காட்டுவார். 11-வது அசைவில் மற்றவர்கள் குதிக்கும்போது அவர் உட்கார்ந்தபடியே காலை மட்டும் அசைப்பார். அக்கா பார்க்க வேண்டியது அவரைத்தான். கைப்பிடி இல்லாத மர நாற்காலி போதும். சக்கரம் வைத்ததும் வழுக்கும் பிளாஸ்டிக்கும் வேண்டாம்.

ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா நெறிமுறை 45 நிமிடம். ஜூன் 21 யோகா தினத்தில் டிவியில் பார்த்திருப்பீர்கள். மூச்சுப்பயிற்சி, தியானம் என்று உள்ளடக்கத்தில் இதுதான் செழுமை. ஆனால் மகராசனத்தில் குப்புறப் படுத்தபின் டிவியை எப்படிப் பார்ப்பது? கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே பிடித்துக்கொள்ளும். முட்டியை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம் முட்டிவலிக்காரருக்கு ஆகாது. குனிந்து பாதம் தொடுவதை முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். தவறாகக் குனிந்தால் டிவி நம்மைத் திருத்தாது. யோகா வேண்டுமென்றால் ஆசிரியரிடம் நேரில் போங்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தால் என் தீர்ப்பே மாறிவிடும்.

மெக் செவன் என்பது மைதானத்தில் கூடிச் செய்யும் பயிற்சி; மலப்புறம் கொண்டோட்டியில் பிறந்து கேரளமெங்கும் பரவியது. 21 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடம். ஏரோபிக்ஸ், யோகா, மூச்சு, முக மசாஜ் எல்லாம் கலந்த சேர்மானம். உங்கள் ஊர் மைதானத்தில் நடந்தால் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஒருநாள் வராவிட்டால் "என்னாச்சுங்க?" என்று விசாரிக்க நாலு பேர் இருப்பது பெரிய பலம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அந்த விசாரிப்பே பாதி மருந்து. ஆடிக்காற்றிலும் மழையிலும் மைதானம் சிரமம், இருட்டில் கிளம்பவும் எல்லாப் பெண்களாலும் முடியாது. இங்கேதான் டிவி ஜெயிக்கிறது.

பத்து நிமிடம் மட்டும் போதுமா என்றால், போதாது. வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் பத்து நிமிடம் சேர்ந்தால் 70-தான். மிச்சத்தை வாய்க்கால் ஓர நடையில் ஈடுகட்டுங்கள். அந்த அக்கா வீட்டுத் திண்ணையில் நாலு நாற்காலி பிடிக்கும், டிவியை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டால் அங்கிருந்தே தெரியும். இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் நாளைக்கே தொடங்கலாம்.