வயர் வெட்டாமல் காருக்குள் விளக்கு: ஒட்டுவதா, செருகுவதா?

என் மைவி காருக்குள் அலங்கார விளக்கு போடலாம் என்று இறங்கியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்துக்கொண்டேன். காரின் சொந்த வயரில் கை வைக்கக் கூடாது. வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஏதாவது மின்கோளாறு என்று சர்வீஸில் போய் நின்றால், "இந்த வயரை யார் வெட்டியது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து கிளை எடுப்பதும் அதனால் அடிபட்டுப் போனது. மிச்சம் மூன்று வழிகள்: சார்ஜ் செய்து ஒட்டும் குட்டி விளக்குகள், கால் வைக்கும் இடத்தில் ஒட்டும் எல்இடி பட்டைகள், டேஷ்போர்டு இடுக்கில் செருகும் இஎல் வயர், அதாவது மின்சாரம் கொடுத்தால் நீளம் முழுக்க ஒளிரும் வயர். நான் எடுத்தது மூன்றாவது. அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையில் பேச ஒன்றுமில்லை. ஆன்லைனில் எல்லாமே நூறு மலேசிய வெள்ளிக்குள் முடிந்துவிடும். அழகு அவரவர் கண். கோலாலம்பூரில் உண்மையில் முடிவு செய்வது வெயில்.

அலுவலக வாசலில் திறந்தவெளியில் காலையில் காரை நிறுத்தினால் மாலைதான் எடுக்கிறோம். நேர் வெயில் படும் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சார்ஜ் விளக்கு இதிலேயே தோற்றுவிடுகிறது. அதற்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றாதே, 60ஐத் தாண்டும் இடத்தில் வைக்காதே என்பது அந்த வகை பேட்டரிக்குப் பொதுவான விதி. நம் ஊர் கார் அந்த விதிக்கு எதிரி. அடித்தளத்தில் கார் நிறுத்தும் கொண்டோவாசிகள் வேண்டுமானால் வாங்கலாம், கதவு திறந்ததும் தானாக எரிவது வசதிதான். ஆனால் அடிக்கடி கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போட வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

அடுத்தது எல்இடி பட்டை. நான்கு பட்டை, ரிமோட், பாட்டுக்கு ஏற்ப வண்ணம் மாறும் மைக், சிகரெட் லைட்டர் துளையிலோ யுஎஸ்பியிலோ சொருகினால் எரியும். வெளிச்சம் என்று பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். இருட்டில் கீழே விழுந்த டோல் கார்டைத் தேடும்போது அருமை தெரியும். என் மச்சான் காரில் இதுதான் இருக்கிறது. பாட்டைப் போட்டால் தைப்பூசத்துக்குப் பத்துமலை புறப்படும் வெள்ளி ரதம் மாதிரி ஜொலிக்கும்.

சிக்கல் பின்பக்கப் பசையில். டேஷ்போர்டின் அடிப்பாகம் சொரசொரப்பான பிளாஸ்டிக், பசை பிடிக்க வழவழப்பான இடமே கிடையாது. அதோடு தினமும் சூடேறி ஆறும்போது பசை இளகி, பட்டை தன் எடையிலேயே மெல்ல இறங்கும். மச்சான் காரில் ஒரு முனை கழன்று பிரேக் பெடலுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். "ஒட்டிக்கலாம் மச்சான், பெரிய விஷயமா?" என்றார். பெடல் பக்கம் எது தொங்கினாலும் எனக்குப் பெரிய விஷயம்தான். ஆல்கஹால் போட்டுத் துடைத்து, நல்ல இரட்டைப் பக்க டேப் மாற்றினால் ஆயுள் கூடும். அதைவிட, உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில் கேபிள் டை போட்டுக் கட்டிவிடுவது உத்தமம். எடுத்த பிறகு பிளாஸ்டிக்கில் கறுப்பாக மிஞ்சும் பிசின் வேறு கதை. கார் விற்கும்போது அதைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இஎல் வயரில் பசையே இல்லை. நான் அந்தப் பக்கம் போனதற்கு முழுக் காரணமும் அதுதான். மெல்லிய வயரின் ஒரு பக்கத்தில் தட்டையான விளிம்பு ஓடும். டேஷ்போர்டில் இரண்டு பேனல்கள் சேரும் இடுக்கில் அந்த விளிம்பைத் தள்ளினால் வயர் மட்டும் கோடாக வெளியே தெரியும். காலாவதியான டச் அண்ட் கோ டோல் அட்டையின் ஓரத்தால் நான் தள்ளினேன், கீறல் விழவில்லை. வளைவு வரும் இடத்தில் மட்டும் விளிம்பில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருங்கி எழும்பி நிற்கும். பிடிக்காவிட்டால் உருவி எடுத்துவிடலாம், தடயம் இருக்காது.

இதற்கும் குறைகள் உண்டு. யுஎஸ்பியின் 5 வோல்ட்டை உயர் வோல்ட் மாறுதிசை மின்சாரமாக (ஏசி) மாற்ற ஒரு சின்ன இன்வெர்ட்டர் வயரோடு வரும். அது கீச்சென்று மெல்லிய சத்தம் போடும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓடும்போது கேட்காது, சிக்னலில் ரேடியோவை அணைத்துவிட்டு நின்றால் கேட்கும். நான் ஸ்பாஞ்ச் துண்டில் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன். உயர் வோல்ட் என்பதால், நீளம் கூடிப்போய் நுனியை வெட்டினால் வெட்டிய முனையை மூடாமல் விடக் கூடாது. வண்ணமும் ஒன்றே ஒன்றுதான், ரிமோட் விளையாட்டு கிடையாது. எரிய எரிய ஒளி மங்குவது இந்த வகையின் இயல்பு. என்னுடையது இன்னும் புதிது என்பதால் எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். எஞ்சினை அணைத்து, காரைப் பூட்டிய பிறகும் அந்த யுஎஸ்பி துளையில் மின்சாரம் வருகிறதா? சில கார்களில் வரும். அப்படியானால் இரவெல்லாம் எரிந்து கார் பேட்டரியைக் கரைக்கும், சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். டேஷ்கேமும் போன் சார்ஜரும் ஏற்கெனவே துளைகளைப் பிடித்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

அப்புறம், ஏர்பேக் மூடியின் இடுக்கில் எதையும் செருகாதீர்கள். பக்கத்து இருக்கைக்கு எதிரே 'ஏர்பேக்' என்று அச்சிட்ட பகுதிக்கு முன்பே நான் வயரை நிறுத்திவிட்டேன். கோடு பாதியில் முடிவது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. மச்சான் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார்.