இங்கிலாந்தில் குடும்பப் பயணம்: ரயிலா, காரா?

ரயிலில் போகலாமா, காரில் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போய் இறங்கிய பிறகு அங்கே எப்படிச் சுற்றப் போகிறீர்கள்? பயண தூரத்தை விட, டிக்கெட் விலையை விட, கடைசிப் பத்து மைல்தான் இதைத் தீர்மானிக்கிறது. லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங் நகரிலிருந்து பல ஆண்டுகளாக இரண்டு பிள்ளைகளோடும், கோடையில் ஊரிலிருந்து வரும் பெற்றோரோடும் இரண்டு வழிகளிலும் மாறி மாறிப் போய்வந்ததில் எனக்கு உறுதியான விஷயம் இது.

யார்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பழைய மதில் சுவர் கண்ணில் படும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேசிய ரயில்வே அருங்காட்சியகம். அனுமதி இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டு, நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் அங்கே நிற்கிறது. பேராலயத்துக்கும் நடந்தே போய்விடலாம். அந்த ஊருக்குள் காரைக் கொண்டுபோனால் பயனில்லை. பழைய தெருக்கள் பலவற்றில் பகல் முழுவதும் நடப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. வாகன நிறுத்தக் கட்டணமும் அதிகம். பாத், ஆக்ஸ்ஃபோர்டு, லிவர்பூல் போன்ற நகரங்களுக்கும் என் பதில் ரயில்தான்.

லண்டனைக் குறுக்காகக் கடப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கடம். தள்ளுவண்டியும் பெட்டிகளும் இருந்த காலத்தில், ரெடிங்கிலிருந்து எலிசபெத் பாதை ரயிலில் ஃபேரிங்டன் வரை போய், தேம்ஸ்லிங்க் ரயிலில் ஒரே நிறுத்தம் தள்ளி செயின்ட் பேங்க்ரஸில் இறங்குவோம். எதிரில் கிங்ஸ் கிராஸ். நேரம் கூடும்; ஆனால் வழியெல்லாம் லிஃப்ட் உண்டு. தள்ளுவண்டியைப் படிகளில் தூக்கிப் பார்த்த எவரும் அந்தக் கூடுதல் நேரத்துக்கு வருந்த மாட்டார்கள்.

செலவுக்கு வருகிறேன். ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை இல்லாமல் பிள்ளைகளோடு ரயில் ஏறுவது வீண் செலவு. 2025 மார்ச்சில் அதன் விலை 30 பவுண்டிலிருந்து 35 ஆனது. நான்கு பெரியவர்கள் வரை மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 5 முதல் 15 வயது வரையுள்ள நான்கு பிள்ளைகள் வரை, பிள்ளைகளுக்கான கட்டணத்தில் 60 சதவீதத் தள்ளுபடி. பெரியவருக்கு 60 பவுண்டு, பிள்ளைக்கு 30 பவுண்டு என்றால், பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என நால்வருக்கும் 180 ஆக வேண்டியது 104 ஆகிறது. முதல் பயணத்திலேயே அட்டையின் விலை வந்துவிடும். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியையும் இதே அட்டையில் சேர்க்கலாம் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியவில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் இருக்கைக்கான உரிமையும் கிடையாது. நீண்ட பயணத்துக்குக் குழந்தைக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, நடுவில் மேசையுள்ள நான்கு இருக்கைகளை முன்பதிவு செய்துவிடுங்கள். புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்து வைத்துச் சாப்பிட அதைவிட நல்ல இடம் இல்லை.

காருக்குப் பெட்ரோல் செலவை மட்டும் பார்ப்பது தவறான கணக்கு. ரெடிங்கிலிருந்து யார்க் போய்வர ஏறத்தாழ 440 மைல். கேலனுக்கு 40 மைல் ஓடும் வண்டிக்கு 50 லிட்டர் தேவைப்படும். லிட்டர் 1.40 பவுண்டு என்று வைத்தால் 70 பவுண்டு, மலிவாகத்தான் தெரிகிறது. ஆனால் சொந்தக் காரை அலுவலக வேலைக்கு ஓட்டுபவர்களுக்கு வரித்துறை நெடுங்காலமாக ஏற்றுவந்த கணக்கு மைலுக்கு 45 பென்ஸ். தேய்மானம், காப்பீடு, பழுது எல்லாம் அதில் அடக்கம். அப்படிப் பார்த்தால் 198 பவுண்டு. கார் வாங்கியாகிவிட்டது, அதில் பாதிச் செலவு எப்படியும் ஆகும் என்பது நியாயமான வாதம்தான். இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கிறது.

நேரத்தில் இரண்டுமே ஏமாற்றும். வெள்ளிக்கிழமை மாலையில் பர்மிங்காம் பக்கத்து எம்6 நெடுஞ்சாலையும், கோடை விடுமுறைச் சனிக்கிழமையில் பிரிஸ்டல் பக்கத்து எம்5 நெடுஞ்சாலையும் பொறுமையைத் தின்றுவிடும். ஸ்டோன்ஹெஞ்ச் ஓரமாகச் செல்லும் ஏ303 சாலையில் நெரிசலைத் தீர்க்கவிருந்த சுரங்கப்பாதைத் திட்டத்தை 2024இல் அரசு கைவிட்டது. ரயிலிலோ, ஞாயிற்றுக்கிழமைகளிலும் வங்கி விடுமுறைகளிலும் பராமரிப்பு வேலைக்காகப் பாதையை மூடி, பதிலுக்குப் பஸ் விடுவார்கள். பிள்ளைகளோடு அந்தப் பஸ்ஸில் ஏறுவதைப் போல அலுப்பூட்டும் காரியம் வேறில்லை. அதனால் நாங்கள் சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்புவதுபோலத் திட்டமிடுகிறோம். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் அந்தப் பயணக் கட்டணம் முழுவதையும் டிலே ரீபே என்ற தாமத இழப்பீட்டுத் திட்டம் மூலம் திரும்பப் பெறலாம். தவறாமல் கேளுங்கள், நெடுஞ்சாலையில் முடங்கிய நேரத்துக்கு யாரும் எதுவும் தருவதில்லை.

கடலோர ஊர் என்றாலே கார் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குக் கார்ன்வால் ஒரு நல்ல மறுப்பு. ரெடிங்கிலிருந்து பென்சான்ஸ் ரயில் நேராகப் போகிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வழியில் டாலிஷ் ஊரில் அலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். 2014 பிப்ரவரிப் புயலில் அந்தச் சுவரே இடிந்து, பாதை இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. சால்டாஷில் 1859இல் திறந்த, பொறியாளர் புருனெலின் பாலத்தைத் தாண்டுகையில் பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். செயின்ட் எர்த்தில் மாறினால் கிளைப் பாதை கடலை ஒட்டியே ஓடி, செயின்ட் ஐவ்ஸ் கடற்கரைக்கு மேலேயே இறக்கிவிடும். அந்தக் குறுகலான ஊரில் ஆகஸ்ட் மாதம் கார் நிறுத்த இடம் தேடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்) வேறு கதை. விண்டர்மியர் வரை ரயில் உண்டு. அங்கிருந்து கிராஸ்மியர், கெஸ்விக் போக 555 பஸ் உண்டு. அந்த வழியிலேயே தங்கினால் கார் தேவையில்லை. ஆனால் பட்டர்மியர், வாஸ்ட் வாட்டர் ஏரிகளையும் பார்க்க வேண்டும், மழை வந்தால் உடனே ஒதுங்க வேண்டும் என்றால் கார்தான். பர்மிங்காம் அருகே உள்ள டிவிடேல் பாலாஜி கோயிலும் அப்படியே: எம்5 இரண்டாவது சந்திப்பில் இறங்கினால் சில நிமிடங்களில் வாசல். ரயிலில் போனால் பர்மிங்காமில் மாறி, பிறகு டாக்சி தேட வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவை அப்படி அலையவைக்க எனக்கு மனம் வராது.

இப்போது நாங்கள் அதிகம் விரும்புவது மூன்றாவது வழி: நீண்ட தூரத்துக்கு ரயில், இறங்கிய இடத்தில் வாடகைக் கார். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை காரில் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை சட்டப்படி கட்டாயம். வாடகை நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதால், பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இலேசான பூஸ்டர் இருக்கையை நாங்களே கொண்டுபோகிறோம். அடுத்த கோடையில் நார்தம்பர்லாந்து போக எண்ணியிருப்பதும் இப்படித்தான்: நியூகாசில் வரை ரயில், அங்கே கார். ஹோலி ஐலண்டுக்குச் செல்லும் சாலையைக் கடல் தினமும் இருமுறை மூடிவிடும் என்பதால், பாதுகாப்பாகக் கடக்கும் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட்டே எடுப்பேன்.