திருச்சியில் தனி ஒருவர் நடத்தும் திருமண ஏற்பாட்டுச் சேவை

ஆவணியில் ஸ்ரீரங்கத்தில் நடந்த எங்கள் இல்லத் திருமணத்தின் ஏற்பாடுகள் முழுவதையும், அலுவலகமோ ஊழியர்களோ இல்லாமல் தனியாகத் தொழில் செய்யும் ஓர் அம்மையாரிடம் ஒப்படைத்திருந்தோம். அவருக்கென்று ஒரு பாத்திரமோ நாற்காலியோ கிடையாது. சமையல் மாஸ்டர், பந்தல்காரர், பூ வியாபாரி, மேளக்காரர்கள், பாத்திர வாடகைக் கடை, வேன்காரர் என்று ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இருவரைப் பழக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களை உரிய நேரத்தில் மண்டபத்தில் கொண்டுவந்து சேர்ப்பதே அவருடைய தொழில்.

இந்தப் பழக்கத்தின் வலிமை என்னவென்று பூ விலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. முகூர்த்த நாள் நெருங்கினால் மல்லிகை விலை தாறுமாறாக ஏறும் என்பது சாத்தார வீதிப் பூச்சந்தைக்குப் போய்வரும் எவரும் அறிந்ததே. ஆனால் அவர் அனுப்பிய வியாபாரி, முன்பே பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. காரணத்தை அந்த வியாபாரியே விளக்கினார். திருமணங்கள் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும், திருக்கடையூரில் நடக்கும் அறுபதாம் கல்யாணங்களுக்கு இந்த அம்மையார் தொடர்ந்து வேலை வாங்கித் தருகிறாராம். பிறந்த மாதத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து நடத்தப்படும் சடங்கு என்பதால் அதற்கு ஆடி, மார்கழி தடையில்லை. வேலை வறண்ட மாதத்தில் கைகொடுத்தவருக்காக, வேலை குவியும் மாதத்தில் லாபத்தைக் குறைத்துக்கொள்ள அவர் தயங்கவில்லை.

அடுத்து, பணம் கொடுக்கும் முறை. ஒவ்வொருவருக்கும் உரிய முன்பணத்தை நாமே நேரடியாகக் கொடுத்துவிட வேண்டும். மண்டபத்தைக் காலி செய்வதற்குள் பாக்கியையும் தீர்த்துவிட வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவரோ 45 மணி நேரம்கூடக் காக்க வைப்பதில்லை. தமக்கென ஒரு நிலையான கட்டணத்தை மட்டும் தனி ரசீதில் பெற்றுக்கொள்கிறார், வியாபாரிகளிடம் கமிஷன் வாங்குவதில்லை. திருமணச் செலவு முழுவதும் அவர் கணக்கின் வழியாகப் போகாததால், சேவைத் தொழிலுக்குப் பொதுவாக உள்ள 20 லட்சம் ரூபாய் ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குள் தம்மால் நிற்க முடிகிறது என்றும் சொன்னார். வாடிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய நன்மை, எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகிறது என்பது ஒளிவுமறைவின்றித் தெரிவதுதான்.

முதல் நாள் மாலை தவில்காரருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. இரவு விருந்து முடிவதற்குள் மாற்றுக் கலைஞர் வந்து சேர்ந்துவிட்டார். அவரை அனுப்பிவைத்தவர் சமையல் மாஸ்டர் என்று பிறகுதான் அறிந்தோம். இவரிடம் வேலை பெறுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள், புதிய வாடிக்கையாளர்களையும் அவர்களே இவரிடம் அனுப்புகிறார்கள். விளம்பரம் எதுவும் இல்லாமல் இவருடைய தொழில் வளர்ந்திருப்பது இப்படித்தான். எங்களுக்கும் இவரைப் பற்றிச் சொன்னவர் ஒரு பந்தல்காரரே.

குறைகளும் உண்டு. புகைப்பட ஆல்பம் மிகவும் தாமதமாகக் கைக்கு வந்தது. திருமணம் முடிந்த பிறகு செய்து தரவேண்டிய வேலைகளை இவர் போதிய அளவு பின்தொடர்வதில்லை. அந்த ஒரு வேலைக்காவது, ஆல்பம் கிடைக்கும்வரை பாக்கியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு தேவை. வியாபாரிகளுடன் பேசிய தொகைகள் எல்லாம் வாய்மொழியாகவே இருப்பதும், இவருக்கே உடல்நலம் குன்றினால் பொறுப்பேற்க மற்றொருவர் இல்லாததும் கவலைக்குரியவை. எல்லாருடைய தொலைபேசி எண்களும் தொகைகளும் அடங்கிய ஒரு தாளை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்டதும் தயங்காமல் கொடுத்தார்.

ஒரு நாளில் ஒரு திருமணத்துக்கு மேல் இவர் ஏற்பதில்லை. ஆவணி, தை மாத முகூர்த்தங்களுக்கு இவரை அமர்த்த விரும்புவோர், மண்டபம் உறுதியான அன்றே பேசிவிட வேண்டும்.