பழைய புல்லட் 350: பிக் எண்ட் புஷ்ஷைத் திறந்து பார்ப்பதா, நேராக மாற்றுவதா?

திருவொற்றியூர் ஆலையில் உருவான காஸ்ட் அயர்ன் புல்லட்டைப் பல வருடங்களாக ஓட்டுகிறேன். சென்ற கோடையில் இன்ஜினுக்குள் ஒரு இடி கேட்க ஆரம்பித்தது. "பிக் எண்ட் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம்" என்றார் மெக்கானிக். பிஸ்டனின் அசைவைச் சுழலும் கிராங்குக்குக் கடத்தும் கனெக்டிங் ராடின் கீழ் முனைதான் பிக் எண்ட்; அதற்குள் இருக்கும் உலோக வளையம்தான் புஷ். வெறும் சத்தத்தை நம்பி கிராங்க் வரை பிரிக்க நான் சம்மதிக்கவில்லை.

பிஸ்டன் ஆட்டம் என்றால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சத்தம் அதிகம், சூடானதும் அடங்கும். பிக் எண்ட் நேர் எதிர். ஆயில் சூடாகி நீர்த்த பிறகு, டாப் கியரில் மேடு ஏறும்போது கனமாக இடிக்கும். என் வண்டி அப்படித்தான் இடித்தது. வடித்த ஆயிலை வெயிலில் பார்த்தால் உலோகப் பொடி மினுங்கியது. சந்தேகம் வலுத்தது, ஆனால் முடிவெடுக்க அது போதாது.

ஹெட்டையும் போரையும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) கழற்ற இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்க வேண்டாம். செலவு கேஸ்கட்டும் கூலியும்தான். பிஸ்டனை எடுத்துவிட்டு, கனெக்டிங் ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, நேர் செங்குத்தாக இழுத்தும் அழுத்தியும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ராடு கொஞ்சம் ஆடும், அது இயல்பு. அந்த ஆட்டத்தைக் காட்டியே நல்ல கிராங்கை மாற்ற வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மேலும் கீழும் கையில் உணரும்படி ப்ளே இருந்தால்தான் பிரச்சினை. இல்லையென்றால் புது கேஸ்கட் போட்டு மூடிவிட்டு, சத்தத்தை வேறு இடத்தில் தேடலாம். எனக்கோ 'டிக்' என்று தெளிவாகத் தட்டியது.

அப்புறம் தயங்கவில்லை. இந்த மாடலின் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் (ராடு மாட்டும் உருளைத் தண்டு) ராடுக்கும் நடுவே மிதந்து சுழலும் புஷ்தான். ஆயில் படலம் அறுந்தால் தேய்மானம் வேகமாகப் போகும். புஷ் மட்டும் போதும் என்றார்கள். பின்னிலும் கோடு விழுந்திருந்ததால் பின், புஷ், ராடு மூன்றையும் செட்டாகவே போட்டேன். கிராங்கின் கனத்த சக்கரங்களான ஃபிளைவீலைப் பூட்டிய பிறகு டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவுமானி) வைத்து அலைன்மென்ட் பார்க்கும் லேத் பட்டறையாகத் தேடிப் பிடியுங்கள்.

சரி, ஏன் தேய்ந்தது? டைமிங் கவரில் குவில் போல்ட்டின் (ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) கார்க் சீல் இறுகி வெடித்திருந்தது. கிராங்குக்கு ஆயில் போகும் வழியே அதுதான். அதை விட்டுவிட்டால் புது புஷ்ஷுக்கும் அதே கதி. சீலை மாற்றி, ஆயில் பம்புகளையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூடினோம்.

முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்தேன், பொடி இல்லை. இப்போது சூடான இன்ஜினோடு மேடு ஏறினாலும் இடி கேட்பதில்லை.