சாம்பிள் ஒன்று, பேட்ச் வேறொன்று: க்ரீம் தயாரிக்க ஆலை தேடுபவர்கள் கவனத்துக்கு

சொந்த பிராண்டில் க்ரீம், சீரம் என்று ஏதாவது கொண்டுவர ஒப்பந்த உற்பத்தியாளரைத் தேடிக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஓர் ஆலை எங்களுக்குச் செய்து கொடுத்த முகக் க்ரீமில் சூடோமோனாஸ் பாக்டீரியா இருந்தது. வாடிக்கையாளர்கள் அதை முகத்தில் தடவிக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கே தெரியவந்தது. விவகாரம் இன்னும் முடியாததால் ஆலையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

5 சதவீதம் நியாசினமைடு (வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம்) உள்ள மாய்ஸ்சரைசர் அது. நியாசினமைடு அதிக அமிலத்தன்மையில் மெல்ல நிகோடினிக் அமிலமாக மாறும், அது சருமத்தைச் சிவக்க வைக்கும் என்பதால் பிஎச் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) 6-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். ஆலை அனுப்பிய சாம்பிள் அருமையாக இருந்தது. கிருமி வளராமல் தடுக்கும் பிரிசர்வேட்டிவாக ஃபினாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் போட்டிருப்பதாகப் பொருள்பட்டியல் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் லேபிள் அச்சடித்தோம்.

பெரிய பேட்ச் வந்து விற்பனை தொடங்கியதும் புகார்கள் வர ஆரம்பித்தன. மேலே தண்ணீர் பிரிந்து நிற்கிறது, ஒரு மாதிரி வாடை வருகிறது, கன்னத்தில் தடிப்பு வந்திருக்கிறது என்றார்கள். ஆலையில் கேட்டால், "வெயிலில் வைத்திருப்பாங்க, விரலை விட்டு எடுத்தா அப்படித்தான் ஆகும்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை எந்த ஆலை சொன்னாலும் ஏற்காதீர்கள். டப்பாவில் வரும் க்ரீமை எல்லோரும் விரலால்தான் எடுப்பார்கள். அதைத் தாங்குவதற்குத்தானே பிரிசர்வேட்டிவ் சேர்க்கிறோம்?

விற்பனையை நிறுத்திவிட்டு, சீல் உடைக்காத டப்பாக்களை ஆலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். அழகுசாதனப் பொருட்களின் நுண்ணுயிர் அளவுக்கு ஐஎஸ்ஓ 17516 என்று ஒரு தரநிலை உண்டு. சாதாரணப் பொருளில் நுண்ணுயிர் எண்ணிக்கை ஒரு கிராமுக்கு 1000 வரை, கண்ணைச் சுற்றித் தடவுவதிலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதிலும் 100 வரை என்பது அதன் வரம்பு. சூடோமோனாஸ் ஏருஜினோசா போன்ற சில கிருமிகள் ஒரு கிராமில்கூட இருக்கக் கூடாது. எண்ணிக்கை, கிருமி என்ற இந்த இரண்டு வரம்பிலுமே எங்கள் டப்பாக்கள் தவறின. சீல் உடையாத டப்பாவில் விரல் எங்கிருந்து வந்தது?

காரணம் பிரிசர்வேட்டிவில் இருந்தது. பேட்சில் ஃபினாக்ஸிஎத்தனால் இல்லவே இல்லை. சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் இருந்தன. இவை மோசமான பொருட்கள் அல்ல, பிஎச் 5-க்குக் கீழே உள்ள பொருட்களில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் கிருமியைத் தடுப்பது அவற்றின் அமில வடிவம்தான். பிஎச் 6-ல் பென்சோயேட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே அந்த வடிவத்தில், அதாவது பென்சாயிக் அமிலமாக இருக்கும்; சார்பேட்டில் ஏறக்குறைய 5 சதவீதம் சார்பிக் அமிலமாக இருக்கும். அதாவது எங்கள் க்ரீமுக்குப் பாதுகாப்பு என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. விடாமல் கேட்டதும் உற்பத்திப் பிரிவில் ஒருவர் சொன்னார்: "அது ஸ்டாக்ல இல்லைங்க, அதுக்குச் சமமானதைத்தான் போட்டோம்." எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று. ஒவ்வாமை உள்ளவர்கள் பட்டியலைப் படித்து நம்பி வாங்குகிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

பிரிசர்வேட்டிவ் சரியாக வேலை செய்கிறது என்று காட்ட ஓர் அறிக்கையும் கொடுத்திருந்தார்கள். சேலஞ்ச் டெஸ்ட் என்பார்கள், தரநிலை ஐஎஸ்ஓ 11930. க்ரீமில் கிருமிகளை வேண்டுமென்றே கலந்து 7, 14, 28-ஆம் நாட்களில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவார்கள். கண்டிப்பான அளவுகோலின்படி 7-ஆம் நாளிலேயே பாக்டீரியா ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் அந்த அறிக்கையை வாங்கியதும் முடிவுகளைப் படிக்கவில்லை, நேராகத் தேதிகளைப் பார்த்தார். சாம்பிள் பெறப்பட்ட நாளுக்கும் அறிக்கை நாளுக்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை. 28 நாள் சோதனை அதற்குள் எப்படி முடியும்? வேறு ஏதோ பொருளின் அறிக்கையில் எங்கள் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் அறிக்கைகளிலும் தேதி, பேட்ச் எண், பொருளின் பெயர் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருள் கெடாமல் நிற்கிறதா என்று காட்டும் ஸ்டெபிலிட்டி அறிக்கையும் அப்படித்தான்: 40 டிகிரியில் 3 மாதம் வைத்துப் பார்த்தோம் என்கிறார்கள் என்றால், அந்த ஃபார்முலா இறுதியாகி 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

வரவேற்பறையில் ஐஎஸ்ஓ 22716 சான்றிதழ் மாட்டியிருந்தது. அது நல்ல உற்பத்தி முறைகளுக்கான தரநிலை, ஆலை எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. உங்கள் க்ரீம் சோதிக்கப்பட்டது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. சூடோமோனாஸ் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்களில் படலமாகக் குடியேறும். அதனால் ஆலையைப் பார்க்கப் போகும்போது தண்ணீர் சுத்திகரிப்பு அமைப்பைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது தண்ணீரில் கிருமி எண்ணிக்கை பார்த்தார்கள் என்ற பதிவேட்டைக் கேளுங்கள். ஒழுங்கான ஆலைக்கு அதை எடுத்துக் காட்டச் சில நிமிடம் போதும். நாங்கள் கேட்டபோது "கியூசி ஆள் லீவு" என்றார்கள், அதாவது தரச் சோதனை செய்பவர் விடுப்பில் இருக்கிறாராம்.

சரி, வேறு ஆலைக்கு மாறலாம் என்றால் அடுத்த சிக்கல். ஃபார்முலா தங்களுடைய தொழில் ரகசியம், சதவீதங்களைத் தர மாட்டோம் என்றார்கள். உருவாக்கும் கட்டணத்தை நாங்கள்தான் கட்டியிருந்தோம். ஆனால் ஒப்பந்தத்தில் "தொழில்நுட்ப விவரங்கள் உற்பத்தியாளருக்கே உரியவை" என்று பொதுவாக ஒரு வரி. ஃபார்முலா யாருடையது, விலகும்போது சதவீதங்களும் தயாரிப்பு முறையும் எத்தனை நாளில் கைமாற வேண்டும் என்பதெல்லாம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்த மூலப்பொருளையும், அதன் சப்ளையரைக்கூட மாற்றக் கூடாது என்ற வரியும் அவசியம். குறைந்தபட்ச ஆர்டர், பேக்கிங், டெலிவரி எல்லாம் பேசிக்கொள்ளக்கூடியவை. இந்த இரண்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சட்டப்படியும் பழி ஆலையோடு நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 விதிமுறைப்படி, வேறொருவரிடம் செய்து வாங்கித் தன் பெயரில் விற்பவரும் உற்பத்தியாளர்தான். அமெரிக்காவில் 2022-ல் வந்த சட்டமும் லேபிளில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் பொறுப்பாளி என்கிறது.

விற்ற டப்பாக்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மிச்சச் சரக்கை அழிக்கும் செலவில் ஒரு பங்கைக்கூட ஆலை ஏற்கவில்லை. இப்போது எங்கள் வழக்கு நிற்பது இரண்டு பொருட்களின் மேல்: நாங்கள் ஒப்புக்கொண்ட அந்த முதல் சாம்பிள், பிரிக்காமல் வைத்திருந்த பேட்ச் டப்பாக்கள். சாம்பிளை ஒப்புக்கொள்ளும் அன்றே இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, சீல் வைத்து உங்களிடம் ஒன்று, அவர்களிடம் ஒன்று என்று எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் அதே போலச் சில டப்பாக்களை, அந்தப் பேட்சின் காலாவதித் தேதி தாண்டும்வரை வைத்திருங்கள்.