அப்பாவின் குரலைச் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்த ரிச்சி தெருக் கடை

என்னிடம் இருந்தவை ஏழு கேசட்டுகள். ஆறு டிடிகே, ஒன்று சோனி. ஏழும் சி-60, அதாவது பக்கத்துக்கு 30 நிமிஷம். அட்டைகளில் அப்பாவின் கையெழுத்து, நீல மையில்: "வீட்டுச் செய்திகள் – பொங்கல் 86", "பாப்பா பாடம் ஒப்பித்தல்", "ஆயா தாலாட்டு". அப்பா 2009ல் காலமானார். அவர் குரல் இந்த ஏழு பெட்டிக்குள் மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஐந்து என் வீட்டு பீரோவில் இருந்தன. முடிச்சூரில் தம்பி வீட்டில் இருந்த இரண்டும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் டிவி ஸ்டாண்டு டிராயரோடு சேர்ந்து முழுகியவை.

இவற்றைக் கணினிக்கு மாற்றித் தந்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் அந்தக் கடைக்காரர் செய்த வேலை என்னவென்று புரியும்.

அப்பா பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். பெட்டிகளின் இரும்புக்கூடு தயாராகும் ஷெல் பிரிவில் வேலை. வில்லிவாக்கத்தில் கிணறு வைத்த வாடகை வீடு. 1984ல் போனஸ் பணத்தை எடுத்துக்கொண்டு பர்மா பஜார் போய், ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தார். பாட்டு கேட்கத்தான் வாங்கினார் என்று நினைத்தோம். ஒரு வாரத்திலேயே பிளே பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் நாம் பேசுவது பதிவாகும் என்று கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் வீட்டில் செய்தி வாசிப்புதான்.

அந்தக் காலத்தில் டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியில் "ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்று வரும் குரலைக் கேட்டு வளராத வீடு கிடையாது. அப்பா அதே ஏற்ற இறக்கத்தில் "ஆகாஷவாணி, வில்லிவாக்கம்" என்று ஆரம்பிப்பார். "தலைப்புச் செய்திகள். பாப்பாவுக்கு மேல்வரிசையில் இரண்டாவது பல் விழுந்தது. கிணற்றில் தண்ணீர் இரண்டு உறை இறங்கியுள்ளது. ரேஷனில் இந்த மாதம் பாமாயில் வரவில்லை." நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சத்தம் போட்டுச் சிரித்தால் பதிவு கெட்டுவிடும் என்று கண்ணாலேயே மிரட்டுவார். நாளெல்லாம் பட்டறைச் சத்தத்தில் நின்றவர், வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். செய்தி வாசிக்கும்போது மட்டும் குரலைத் தணித்து, ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுப்பார்.

பதிவு முடிந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாகப் பிளாஸ்டிக் தாழ் இருக்கும், நினைவிருக்கிறதா? அதைப் பெயர்த்துவிட்டால் சிவப்புப் பொத்தான் கீழே இறங்காது, மேலே வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. ஏழு கேசட்டிலும் இரண்டு தாழையும் அப்பா பெயர்த்துவிட்டார். 1991ல் தம்பி ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டைப் பிடிக்க "வீட்டுச் செய்திகள்" கேசட்டைத்தான் போட்டான். பொத்தான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

டூ-இன்-ஒன்னை 2003ல் வீடு மாறும்போது காயலான் கடைக்குப் போட்டுவிட்டோம். அப்பாவே தூக்கிக் கொடுத்தார்.

போன வருஷம் முதலில் வேறொரு இடத்தில்தான் கொடுத்தேன். வீட்டுக்கே வந்து வாங்கிப்போய், பத்து நாளில் பைல்களாக அனுப்பினார்கள். நல்ல கேசட்டுகளில் இரண்டைத்தான் கொடுத்துப் பார்த்தேன். வந்ததைத் திறந்து கேட்டபோது நெஞ்சு படபடத்தது. பத்து விநாடியில் ஏமாற்றமாகிவிட்டது. வார்த்தைகள் எல்லாம் அப்பாவுடையவை, குரல் அவருடையது இல்லை. மெல்லிசாக, அவசரமாக, யாரோ ஒரு பையன் அப்பா மாதிரி பேசிக் காட்டுவது போல இருந்தது. அப்பா காலமான வருஷம் பிறந்தவன் என் மகன். "தாத்தா குரல் இப்படியா இருக்கும்?" என்று கேட்டான். இல்லை என்றேன், எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது அவர் இல்ல, நிறுத்து" என்று எழுந்து போய்விட்டார். அந்த நிறுவனத்தில் கேட்டதற்கு, கேசட்டில் இருப்பதுதான் வரும் என்றார்கள்.

அப்புறம் ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் சொல்லி ரிச்சி தெருவுக்குப் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். செல்போன் கவரும் ஒயர் சுருளும் தொங்கும் கடைகளைத் தாண்டி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. போர்டு கிடையாது. படிக்கட்டு குறுகல், பகலிலும் இருட்டு. வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். உள்ளே நான்கு பேர் நின்றால் இடம் முடிந்துவிடும். சுவர் முழுக்கக் கேசட் ஓட்டும் டெக்குகள், ஸ்பூல் மெஷின்கள், நடுவில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். விளம்பரம் எதுவும் வேண்டாம், வருகிற வேலையே போதும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. தெருவில் "கேசட் அண்ணன்" என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

பையைக் கவிழ்த்ததும் அவர் முதலில் பார்த்தது பெயர்த்த தாழ்களை. அடுத்து சி-60 என்ற எழுத்தை. "எல்லாமே அறுபதா வாங்கியிருக்காரே. அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார். சி-90ல் நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும். அதைத்தான் அப்பாவும் சொல்வார். முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவை மெச்சிப் பேசிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டு டெக்கைத் துடைத்தார்.

குரல் பற்றிய குறையைச் சொன்னேன். "பொங்கல் 86" கேசட்டைப் போட்டு ஒரு நிமிஷம் கேட்டார். முதலில், நாடாவில் உள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பினார். மூடிபோட்டது போல இருந்த ஒலி தெளிந்து, "செய்திகள்" என்பதில் அந்த "ச" துல்லியமாக விழுந்தது. பதிவு செய்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு இதையும் கொண்டுவர வேண்டுமாம். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்கிறார்.

பிறகு கணினித் திரையில் அடியில் ஓடிய ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். "இது கரண்ட் இரைச்சல்மா. நம்ம ஊர் கரண்ட் விநாடிக்கு 50 தடவை ஆடும். இங்க 53ல நிக்குது பாருங்க. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடணும், அதுதான் கணக்கு. உங்க அப்பாவோட பெட்டி அதைவிட மெதுவா ஓடியிருக்கு. பெல்ட் தளர்ந்திருக்கும். மெதுவா பதிஞ்சதைச் சரியான வேகத்துல ஓட்டினா, குரல் கீச்சுனுதான் வரும்."

அப்போதுதான் புரிந்தது. அதே பெட்டியில் பதிந்து அதே பெட்டியில் கேட்டவரைக்கும் அப்பா அப்பாவாகவே இருந்தார். பெட்டி போனதும் அவர் குரலின் அளவும் கூடவே போய்விட்டது. பெல்ட் வழுக்குகிறது என்று அவர் பெட்டியைத் திறந்து பேப்பர் மேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது.

சரி, 53ஐ 50க்கு இறக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் காலத்துல கரண்டே சரியா 50ல நிக்காது, இறங்கிக்கிட்டே இருக்கும். இந்தக் கோடு சரியான வேகத்துக்குப் பக்கத்துல கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். மீதி உங்க காதுதான். அவர் குரல் எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்." ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப ஓடியது: "கிணற்றில் தண்ணீர் இரண்டு உறை இறங்கியுள்ளது." முதலில் அந்தப் பையனின் குரல்தான். அவர் வேகத்தைக் குறைக்கக் குறைக்க, குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. ஓர் இடத்தில் அப்படியே சித்தப்பா பேசுவது போல இருந்தது. அண்ணன் தம்பிக்குக் குரல் ஒற்றுமை உண்டு, பக்கத்தில் வந்துவிட்டோம் என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் ஒரு துளி. "கிணற்றில்" என்ற சொல்லின் கடைசி எழுத்து அடித்தொண்டையில் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்னால் அந்த மூச்சு. அப்பா. வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்து, பெட்டியின் பக்கம் குனிந்தபடி. "நிறுத்துங்க, இதுதான்" என்று கத்திவிட்டேன். கண்ணைத் திறந்தபோது திரையில் இரைச்சல் கோடு 49க்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தது. அவர் அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். பின்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் படியில் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை.

வெள்ளத்தில் முழுகிய இரண்டையும் பற்றி நான் நம்பிக்கை வைக்கவில்லை. வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. போட்டு ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாகச் சிரித்தார். பூஞ்சை பிடித்ததை ஓட்டினால் நாடாவும் அறுந்துபோகும், டெக்கும் கெடும். உங்கள் வீட்டில் இருந்தாலும் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள், வெயிலிலும் காய வைக்காதீர்கள். அவர் முகமூடி போட்டுக்கொண்டு கூட்டைத் திறந்து, நாடாவைக் கையாலேயே மெல்லச் சுற்றி, மெத்தென்ற துணியால் முழ முழமாகத் துடைத்து, புதுக் கூட்டில் மாற்றினார். ஒன்று முழுக்கத் தேறியது. இன்னொன்றில் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய பத்து நிமிஷம் போய்விட்டது. அதில்தான் ஆயாவின் தாலாட்டு இருந்தது. கடைசிப் பாதி கிடைத்தது.

மின்விசிறிச் சத்தத்தையும் இரைச்சலையும் எடுத்துவிட்டு ஒரு நகல், எடுக்காமல் ஒரு நகல் என்று இரண்டும் கொடுத்தார். எனக்கு எடுக்காததுதான் பிடித்திருக்கிறது. எடுத்ததில் விசிறியோடு அப்பாவின் மூச்சும் போய்விடுகிறது. நீங்களும் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வேவ் பைலாகவும் வாங்கிக்கொள்ளுங்கள், எம்பி த்ரீ மட்டும் போதாது. ஒரு பக்கத்துக்கு 300 எம்பி அளவில் வரும், பெரிய பென்டிரைவாகக் கொண்டு போங்கள்.

சாதாரண கேசட்டுக்கு 450 ரூபாயும் வெள்ளத்தில் முழுகியவற்றுக்குத் தலா 1,200 ரூபாயும் வாங்கினார். செய்த வேலைக்கு இது குறைவு என்பது என் கருத்து. இரண்டு வாரம் என்று சொல்லி ஐந்து வாரம் ஆக்கினார், அது ஒரு குறைதான். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போய்க் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

பைல்களை வாங்கி வந்த அன்று அம்மா கூடத்தில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் போட்டேன். பொத்தான் விழும் "டக்" சத்தம். பிறகு, "ஆகாஷவாணி, வில்லிவாக்கம்." அம்மாவின் கை கீரைக்கட்டில் அப்படியே நின்றது. மகன் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பல், கிணறு, பாமாயில் என்று ஒவ்வொன்றாக வந்தது. அடுத்து அப்பா, "சமையலறை நிலவரம். இன்றைய வத்தக்குழம்பில் உப்பு சற்றுத் தூக்கல்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் தூக்கல் இல்ல" என்றார் அம்மா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கேசட்டில் உள்ளிருந்து அதே பதில் வந்தது, நாற்பது வயது குறைந்த குரலில், அதே வார்த்தைகளில். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அதைத் திரும்பப் போடு" என்றார். அன்று இரவு எட்டு மணி வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தோம். கீரை மறுநாள்தான் குழம்பானது.

அரக்கோணத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பா பதிவு செய்த அந்தக் காலத்தில் அவர் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். அங்கே போகிறவர்கள் கையில் அப்பா கடிதத்துக்குப் பதிலாகக் கேசட் பேசி அனுப்புவார். அவையெல்லாம் எப்போதோ தொலைந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். சித்தப்பா உடனே போன் செய்தார். முதலில் பேச முடியாமல் தொண்டையைச் செருமினார். அப்புறம், "அண்ணன் அனுப்பின நாலு கேசட் என் டிரங்குப் பெட்டியில இருக்கு பாப்பா, ஒண்ணுகூட தூக்கிப் போடல" என்றார்.

சனிக்கிழமை அரக்கோணம் போய் வாங்கி வரப்போகிறேன். திங்கட்கிழமை ரிச்சி தெரு.