பெங்களூருக்கு ரயில் ஏறுவதா, வீட்டிலிருந்தே பார்ப்பதா?

கணினித் துறைப் பெண்களுக்கான மாநாடு ஒன்றை கல்லூரி இரண்டாம் ஆண்டில் மதுரை திருநகர் வீட்டிலிருந்து லேப்டாப்பில் பார்த்தேன். மூன்றாம் ஆண்டில் இன்னொன்றுக்குப் பெங்களூருக்கே போய்வந்தேன். எது தேவலை என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். வாய்ப்பு கிடைத்தால் நேரில் போங்கள் என்பதுதான் என் பதில்.

ஆன்லைனில் செலவும் அலைச்சலும் இல்லை, உரைகளைப் பிறகும் ஓடவிட்டுப் பார்க்கலாம். பேச்சை மட்டும் கேட்பதென்றால் அதுவே போதும். பெங்களூரில் எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். பாதி ஸ்லைடு தெரியவில்லை.

விஷயம் வேறு. லேப்டாப் முன்னால் இருக்கும் பெண் வேலையாக இருக்கிறாள் என்று நம் வீடுகளில் யாரும் நினைப்பதில்லை. வீட்டிலிருந்து பார்த்த அன்று, கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பரைப் பற்றி ஓர் உரை. 1994-ல் கணினி அறிவியலாளர்கள் அனிதா போர்கும் டெல் விட்னியும் தொடங்கி, 2010-ல் பெங்களூருக்கும் வந்த மாநாடு இவர் பெயரில்தான் நடக்கிறது. 1952 வாக்கில், நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை ஓட வைத்துக் காட்டியும் அதைத் தொட ஆளில்லை என்று ஹாப்பரே பின்னாளில் சொன்ன கதைக்குப் பேச்சாளர் வந்தபோது, "சும்மாதான உக்காந்திருக்க, பாலப் பாத்துக்க" என்று அம்மாவின் குரல். பாலை இறக்கிவிட்டு வந்தால் வாசலில் சிலிண்டர்காரர். திரும்பி வந்தபோது கேள்வி நேரமே முடிந்திருந்தது. ஓடவிட்டுப் பார்க்கலாம்தான், இன்றுவரை பார்க்கவில்லை. பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டி கேம் ஆடிக்கொண்டிருந்த தம்பியை யாரும் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் காலை முதல் இரவுவரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதனால்தான் சாப்பாட்டு வரிசையில் நிதானமாக நிற்க முடிந்தது. முன்னால் நின்றவர் பல வருடமாக மென்பொருள் வேலையில் இருப்பவர். ரெஸ்யூமே இருக்கிறதா என்று கேட்டார். தட்டை ஒரு கையில் பிடித்தபடியே பேனாவை எடுத்து, 'என் லட்சியம்' என்று நான் எழுதியிருந்த நான்கு வரியையும் அடித்தார். "இந்த புராஜெக்ட்ல நீ எழுதினது எது?" என்றார். பெரியார் நிலையத்துப் பேருந்து நேரம் காட்டும் ஆப் அது, மூன்று பேர் செய்தது. தேடல் பகுதி என்னுடையது என்றேன். அதைச் சுற்றி வட்டம் போட்டு, மேலே கொண்டுபோகச் சொன்னார். சாம்பார் பட்ட அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லோருக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார் என்று சொல்ல மாட்டேன். நான் போனது ஒரே ஒருமுறை.

போவதில் தொல்லையும் உண்டு. கல்லூரியில் ஓ.டி. (வெளியே போன நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) தரவில்லை, இரண்டு நாள் வருகைப்பதிவு போனது. அப்பா சம்மதித்ததும் சித்தி வீட்டில் தங்குகிறேன் என்ற பிறகுதான். உதவித்தொகை கிடைத்தாலும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும்: எனக்கு நுழைவுக் கட்டணத்தை மாநாடு நடத்தியவர்களே பார்த்துக்கொண்டார்கள், ரயில் செலவு டிக்கெட்டைக் காட்டிய பிறகுதான் வந்தது. அப்புறம், வந்தே பாரத் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினாலும் போய்ச் சேர மதியமாகிவிடும், முதல் நாளில் பாதி போச்சு. இரவு மைசூர் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டால் விடியலில் இறங்கலாம், செலவும் குறைவு. ஆராய்ச்சி மாநாடு என்றால், ஏசிஎம் என்ற சர்வதேசக் கணினிச் சங்கத்தின் பெண்கள் பிரிவான ஏசிஎம்-டபிள்யூ தரும் உதவித்தொகைக்கு இளநிலை மாணவிகளும் விண்ணப்பிக்கலாம்.

போகவே வழியில்லை என்றால் கல்லூரி லேபிலோ தோழியின் ஹாஸ்டல் அறையிலோ உட்கார்ந்து பாருங்கள். நான் அப்படிப் பார்த்ததில்லை, ஆனால் வீட்டைவிட மேலாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, வீட்டில்தான் என்றால், சிலிண்டர் என்றைக்கு வருகிறது என்று முதலில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.